சந்திரரோகியின் தகப்பன்

"மாத்திரை கொடுத்தா நான் விசுவாசிக்கலைன்னு ஆகிடாதா சார்?"

ஐ.சி.யூ. வாசலில் ஒரு தாய் என்னிடம் கேட்ட கேள்வி இது. உள்ளே அவருடைய பதினெட்டு வயது மகள். அடுத்தடுத்து வலிப்பு வந்து, இடையில் நினைவே திரும்பாத நிலையில் கொண்டுவந்திருந்தார்கள். மூன்று வருடமாக வலிப்பே வராமல் இருந்த பிள்ளை. ஒரு உபவாசக் கூட்டத்தில் தலையில் கைவைத்து ஜெபித்தவர்கள், "விடுதலை ஆயிற்று, இனிமேல் மாத்திரை போடுவது அவிசுவாசம்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அன்றிரவே மாத்திரையை நிறுத்திவிட்டார்கள்.

அந்த அம்மாவின் மடியில் வேதாகமம் திறந்திருந்தது. ஏசாயா 53. "அவருடைய தழும்புகளால் குணமாகிறோம்" என்ற வரியின் கீழே சிவப்பு மையில் கோடு. ஞாயிறு பள்ளியில் நானும் மனப்பாடம் செய்த வசனம்தான். இன்றும் அதை நம்புகிறேன். ஆனால் அந்த வாசலில் அதே வசனம் அவருக்கு ஆறுதலாக இல்லை, பரீட்சைத் தாளாக இருந்தது. மகளுக்கு மறுபடி வலிப்பு வந்ததும், தான் அதில் தோற்றுவிட்டதாக நினைத்து நடுங்கிக்கொண்டிருந்தார்.

நரம்பியல் மருத்துவராக இத்தனை வருடத்தில் நான் கண்டது இதுதான்: வசனம் ஒன்றே, அதை எந்த மனதோடு வாசிக்கிறோம் என்பதில்தான் எல்லாம் மாறுகிறது. பயத்தோடு வாசிப்பவருக்குத் தேவன் கணக்குக் கேட்கிறவராகத் தெரிகிறார். நம்பிக்கையோடு வாசிப்பவருக்குத் தகப்பனாகத் தெரிகிறார்.

எனக்கே இது நடந்தது. மத்தேயு 17-ல் ஒரு தகப்பன் இயேசுவிடம் வந்து, தன் மகன் சந்திரரோகி, அதாவது வலிப்பு நோயாளி, என்கிறார். "அடிக்கடி தீயிலும், அடிக்கடி ஜலத்திலும் விழுகிறான்." சிறுவயதில் இதை வெறும் பிசாசுக் கதையாகத்தான் கேட்டேன். மருத்துவம் படித்த நாட்களில் இந்தப் பகுதி வந்தால் சங்கடத்தோடு பக்கத்தைத் தள்ளிவிடுவேன். பிறகு ஓ.பி.யில் உட்கார ஆரம்பித்தேன். அடுப்பில் விழுந்து முன்கை வெந்துபோன பெண்கள், குளிக்கப்போன இடத்தில் வலிப்பு வந்து தண்ணீருக்குள் போனவர்கள் என்று வரிசையாக வந்தார்கள். தீயும் தண்ணீரும்! பிள்ளையை இரவும் பகலும் கவனித்த ஒரு தகப்பனால்தான் அப்படிச் சொல்ல முடியும் என்று அப்போதுதான் புரிந்தது.

சந்திரரோகம் என்பது பழைய சொல். கிரேக்க மூலத்திலும் நிலவோடு தொடர்புள்ள சொல்தான். நிலவு வளர்வதும் தேய்வதும் இந்த நோயை உண்டாக்குவதாக அந்தக் காலத்தில் எண்ணினார்கள். அந்தப் பையனிடமிருந்து இயேசு பிசாசைத் துரத்தினார் என்றும் அதே அதிகாரம் சொல்கிறது, நான் அதை மறைக்கவில்லை. ஆனால் மத்தேயு 4:24-ஐயும் சேர்த்து வாசியுங்கள். பிசாசு பிடித்தவர்கள், சந்திரரோகிகள், திமிர்வாதக்காரர் (கைகால் செயலிழந்தவர்கள்) என்று தனித்தனியாக அங்கே எழுதியிருக்கிறது. வலிப்பு வருகிறவர்கள் எல்லாரையும் பிசாசு பிடித்தவர்கள் என்று சொல்ல வேதம் இடம் கொடுக்கவில்லை.

இன்னொன்றை அந்த அம்மாவுக்கு வாசித்தே காட்டினேன். "உங்கள் அவிசுவாசத்தினாலேதான்" என்று இயேசு கடிந்துகொண்டது யாரை? சீஷர்களை. பிள்ளையைக் குணமாக்கப் போய், முடியாமல் நின்றவர்களை! பிள்ளையையோ தகப்பனையோ அல்ல. மாற்கு 9-ல் அந்தத் தகப்பன், "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று கண்ணீரோடு சொல்கிறார். பாதி விசுவாசம், பாதி தடுமாற்றம். அதற்காக இயேசு அவரைத் திருப்பி அனுப்பவில்லை, பிள்ளை சுகமானான். அதைக் கேட்டபோது அந்த அம்மா முதல்முறையாக அழுதார்.

சாகும் நிலையில் வியாதியாய்க் கிடந்த எசேக்கியா ராஜாவுக்குப் பதினைந்து வருஷம் கூட்டித் தருவதாகக் கர்த்தர் வாக்குக் கொடுத்த பிறகும், அத்திப்பழத்து அடையைப் பிளவையின்மேல் (கட்டியின்மேல்) பற்றுப்போடச் சொன்னார் ஏசாயா தீர்க்கதரிசி. வாக்குத்தத்தமும் பற்றும் ஒரே அதிகாரத்தில் இருக்கின்றன. வியாதியஸ்தருக்கு எண்ணெய் பூசி ஜெபிக்கும்படி தன் நிருபத்தில் சொல்கிற யாக்கோபு, மருந்தை நிறுத்தச் சொல்லவில்லை. "பிரியமான வைத்தியன்" என்று பவுல் லூக்காவை அழைக்கிறார். அதே பவுல் தன்னோடு பயணம் செய்த துரோப்பீமுவை வியாதியோடு மிலேத்துவில் விட்டுவந்ததாகவும் எழுதுகிறார். துரோப்பீமுவுக்கு விசுவாசம் குறைவு என்று அங்கே ஒரு வார்த்தையும் இல்லை.

வசனத்தைத் தனியே பிய்த்து எடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு வேதத்திலேயே சாட்சி இருக்கிறது. தேவாலயத்து உப்பரிகையிலிருந்து குதிக்கச் சொன்ன சாத்தானும், தூதர்கள் கைகளில் ஏந்திக்கொள்வார்கள் என்று சொல்லும் 91-ஆம் சங்கீதத்தைத்தான் காட்டினான். இயேசு குதிக்கவில்லை. "உன் தேவனாகிய கர்த்தரைப் பரீட்சை பாராதிருப்பாயாக" என்றார். வலிப்பு மாத்திரையைத் திடீரென நிறுத்துவது அந்த உப்பரிகையிலிருந்து குதிப்பதுதான். பல நோயாளிகளுக்கு ஒரு கட்டத்தில் மாத்திரையைக் குறைத்து நிறுத்த முடியும். வலிப்பில்லாமல் இரண்டு வருடமாவது கடந்த பிறகு, இ.இ.ஜி.யும் (மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்யும் சோதனை) மற்ற விவரங்களும் பார்த்து, மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்போம். அந்த முடிவை உங்கள் மருத்துவரோடு சேர்ந்து எடுங்கள்.

போதகர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆராதனையில் யாருக்காவது வலிப்பு வந்தால் கையில் சாவி கொடுக்காதீர்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள், அமுக்கிப் பிடிக்காதீர்கள். ஒருக்களித்துப் படுக்கவைத்து நேரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் 108-ஐ அழையுங்கள். ஜெபத்தை நிறுத்தவேண்டாம், வண்டியில் ஏறியும் ஜெபியுங்கள்.

அந்தப் பெண் ஆறாம் நாள் வீட்டுக்குப் போனாள். டிசம்பரில் செக்கப்புக்கு வந்தபோது, "முப்பத்தொன்னாந் தேதி ராத்திரி ஆராதனைக்குப் போகலாமா சார்?" என்று கேட்டாள். தூக்கம் கெட்டால் வலிப்பு வர வாய்ப்பு அதிகம் என்பதை அவளுக்குச் சொன்னேன். மத்தியானம் நன்றாகத் தூங்கு, ராத்திரி மாத்திரையை நேரம் தவறாமல் போடு, ஆராதனை முடிந்ததும் நேரே வீட்டுக்கு வந்து படு, காலையில் யாரும் எழுப்பவேண்டாம் என்றேன். அவள் அம்மா வேதாகமத்தைத் திறந்து, உள்ளே வைத்திருந்த மாத்திரைச் சீட்டின் பின்புறம் அதையெல்லாம் எழுதிக்கொண்டார்.