வாயைக் கட்டும் முன்னால் வட்டியை எண்ணிப் பாருங்கள்

செலவைக் குறைக்க வழி கேட்டு என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் ஏற்கெனவே குறைத்துவிட்டுத்தான் வருகிறார்கள். குறைத்த இடம்தான் தப்பு. அரை லிட்டர் பால் கால் லிட்டராகியிருக்கும், முட்டை நின்றிருக்கும், பிள்ளைக்கு வாங்கிக்கொண்டிருந்த வாழைப்பழமும் நின்றிருக்கும். "இதுக்கு மேல இன்னா சார் குறைக்கிறது, வாயைக் கட்டி வயித்தைக் கட்டித்தான் ஓட்டிக்கினு கீறோம்" என்பார்கள். உண்மைதான், அதற்கு மேல் அடுப்படியில் குறைக்க ஒன்றும் இருக்காது.

வங்கியில் கடன் பிரிவில் இருந்துவிட்டு இப்போது நிதி ஆலோசகராக வேலூரிலும் குடியாத்தம், ஆம்பூர் பக்கமும் குடும்பங்களோடு உட்கார்ந்து கணக்குப் பார்ப்பது என் வேலை. வருகிறவர்கள் ஷூ கம்பெனி, பீடி, கைத்தறி, ஆட்டோ, கட்டட வேலை என்று ஏதோ ஒன்றில் இருப்பார்கள். வீட்டு வருமானம் மாதம் பதினைந்தாயிரத்திலிருந்து இருபத்தைந்தாயிரத்துக்குள் இருக்கும். சாப்பாட்டில்தான் எல்லாரும் முதலில் கை வைக்கிறார்கள், அதற்குக் காரணமும் இருக்கிறது. வாடகைக்கு வீட்டுக்காரர் வந்துவிடுவார், வாரா வாரம் தவணை கட்டும் குழுக் கடனுக்கு ஆள் வந்து வாசலில் நிற்பார், தினவசூல் கடன் கொடுத்த தண்டல்காரர் சாயங்காலம் வண்டியில் வந்து ஹாரன் அடிப்பார். ஏன் குறைத்தாய் என்று சண்டைக்கு வராத செலவு சாப்பாடு ஒன்றுதான்.

அதனால் நான் மளிகைச் சிட்டையைக் கடைசியாகத்தான் பார்ப்பேன். முதலில் கேட்பது தண்டல் அட்டையை. பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன்: உள்ளங்கை அளவு கெட்டி அட்டை, பத்துக்குப் பத்து என்று நூறு கட்டம், பணம் கொடுத்த ஒவ்வொரு நாளுக்கும் கட்டத்துக்குள் ஒரு கிறுக்கல் கையெழுத்து. பத்தாயிரம் ரூபாய்த் தண்டல் என்றால் முன்கூட்டியே 1,500 பிடித்துக்கொண்டு கையில் 8,500 தருவார்கள், தினம் நூறு ரூபாய் வீதம் நூறு நாளில் அடைக்க வேண்டும். பிடிக்கிற தொகை ஆளுக்கு ஆள், ஊருக்கு ஊர் மாறும், ஆனால் கணக்கின் போக்கு இதுதான்.

இதற்கு என்ன வட்டி என்று கேட்டால் எல்லாரும் ஒரே பதிலைத்தான் சொல்கிறார்கள். நூறு நாளுக்குப் பதினைந்து சதவீதம், ஆக மாதம் நாலரை, அஞ்சு வட்டி, அவசரத்துக்கு இது பரவாயில்லை. அஞ்சு வட்டியே ஆண்டுக்கு அறுபது சதவீதம், அதைப் பரவாயில்லை என்று சொல்ல எப்படித்தான் மனசு வருகிறதோ, அது இருக்கட்டும். அந்த 8,500 நூறு நாளும் உங்கள் கையில் இருப்பதில்லை, முதல் நாளிலிருந்தே தேய்ந்துகொண்டு போகிறது, ஐம்பதாம் நாள் பாதிக்குப் பக்கம் திரும்பப் போயிருக்கும். அப்படித் தேய்கிற பணத்துக்குக் கணக்குப் போட்டால் மாதம் கிட்டத்தட்ட பத்து வட்டி, ஆண்டுக்கு நூற்றுக்கு 120 ரூபாய். பத்து வட்டிக்கு யாராவது கடன் கொடுக்க வந்தால் திட்டி அனுப்புகிற அதே அம்மா தண்டலை மட்டும் மறுபேச்சில்லாமல் வாங்குகிறார், ஏனென்றால் நூறு ரூபாய் நூறு ரூபாயாகப் போவதால் அது வட்டியாகவே தெரிவதில்லை.

இன்னொன்றும் நடக்கும். அறுபது, எழுபது கட்டம் நிரம்பினதும் தண்டல்காரரே, "அக்கா, ஒழுங்கா கட்டுறீங்க, புதுசா போட்டுக்கோங்க" என்பார். அறுபத்தைந்தாம் நாள் புதிதாகப் பத்தாயிரம் எடுத்தால் வழக்கமான 1,500 போகும், பழைய பாக்கி 3,500 போகும், கைக்கு வருவது ஐயாயிரம். ஐயாயிரத்துக்கு ஆயிரத்து ஐந்நூறு வட்டி. மூன்று வருஷமாகத் தண்டல் கட்டுகிறேன் என்கிறவர்கள் இப்படித்தான் மாட்டியிருக்கிறார்கள், அட்டை மாறிக்கொண்டே இருக்கும், நூறாவது கட்டத்தை அவர்கள் பார்த்திருக்கவே மாட்டார்கள்.

என்ன செய்யலாம்? நடுவில் கடன் வாங்கி ஒரேயடியாக அடைத்துவிடலாம் என்று ஓடாதீர்கள். வட்டியை முதல் நாளே எடுத்துவிட்டார்கள், முன்னாலேயே முடித்தால் குறைத்துக்கொள்கிறேன் என்று அவர் வாயால் சொன்னால் ஒழிய அதில் உங்களுக்கு ஒரு பைசா லாபமில்லை. நூறு நாளும் கட்டி முடியுங்கள். நூற்றியோராவது நாள் அதே சாயங்கால நேரத்தில் அதே நூறு ரூபாயை எடுத்து உண்டியலில் போடுங்கள், வாரம் ஒருமுறை வங்கிக் கணக்குக்கோ மகளிர் குழுச் சேமிப்புக்கோ மாற்றுங்கள். தினம் நூறு கட்டப் பழகிய குடும்பம் அது, இன்னொரு நூறு நாள் கட்டுவது அவர்களுக்குப் பெரிய வேலையில்லை. கையில் பத்தாயிரம் நிற்கும்போது அடுத்த அவசரத்துக்குத் தண்டல்காரர் வாசலுக்கு வர வேண்டியதில்லை. அதுவரை நடுவில் ஏதாவது வந்துவிட்டால், வீட்டில் கம்மலோ மோதிரமோ இருந்தால் வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ வையுங்கள். நகைக்கடன் வட்டி ஆண்டுக்குப் பத்து சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கும். நகையை அடகு வைப்பது மானக்கேடு என்று பீரோவில் பூட்டிவிட்டு 120 சதவீதத்துக்கு வாங்குகிறவர்களைப் பார்க்கும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது.

வாரக் குழுக் கடனுக்கும் ஒரு கணக்கு உண்டு. மாதக் கடன் தவணை எல்லாம் சேர்த்து வீட்டு வருமானத்தில் பாதியைத் தாண்டும்படி மைக்ரோ ஃபைனான்ஸ் கடன் கொடுக்கக் கூடாது என்பது 2022-இல் ரிசர்வ் வங்கி போட்ட விதி. பாதிச் சம்பளம் தவணைக்கே போனால் மீதியில் வாடகை கொடுத்து எதைச் சாப்பிடுவது? இருபதாயிரம் வருகிற வீட்டில் தவணை ஐயாயிரத்தைத் தாண்டினாலே அடுத்த கடனுக்குக் கையெழுத்துப் போடாதீர்கள் என்பேன். பக்கத்து வீட்டுப் பெண் குழுவுக்கு ஆள் குறைகிறது என்று கெஞ்சினாலும் சரி.

சரி, இந்தக் கடன் எல்லாம் எதற்கு வாங்கப்பட்டது என்று பின்னோக்கிப் போனால் ஆஸ்பத்திரியைத் தவிர மற்றதெல்லாம் தேதி தெரிந்த செலவு. குடியாத்தத்தில் வைகாசி முதல் தேதி கெங்கையம்மன் சிரசுத் திருவிழா, ஊரிலிருந்து சொந்தம் வரும், கறி எடுக்க வேண்டும், பிள்ளைகளுக்குத் துணி. அடுத்த இரண்டு மூன்று வாரத்தில் பள்ளிக்கூடம் திறந்துவிடும், ஃபீஸ், நோட்டு, ஷூ, பை. அப்புறம் ஆடி, அப்புறம் தீபாவளி, நடுவில் யார் வீட்டிலாவது காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, மொய். இதில் எதுவும் திடீரென்று வந்ததில்லை, போன வருஷமும் இதே மாதத்தில்தான் வந்தது. ஆனால் மே மாதக் கடைசியில் வந்து "அவசரம் சார்" என்பார்கள். தினசரிக் காலண்டரில் கிழித்த தாளின் பின்புறம் போதும், போன வருஷம் இந்தச் செலவெல்லாம் எவ்வளவு ஆனது என்று எழுதி, கூட்டி, பன்னிரண்டால் வகுத்துப் பாருங்கள். வருஷத்துக்கு முப்பதாயிரம் என்றால் மாதம் 2,500. ஐயோ, அவ்வளவா என்று தோன்றும். அந்த அதிர்ச்சி வந்தால்தான் மொய்யில் எதைக் குறைக்கலாம், திருவிழாவுக்குத் துணி எடுத்துவிட்டுத் தீபாவளிக்கும் எடுக்க வேண்டுமா என்று வீட்டில் பேச்சே தொடங்கும்.

இதற்குத்தானே தீபாவளிச் சீட்டு என்பீர்கள். நம் வடாற்காடு பக்கம் தீபாவளிச் சீட்டு இல்லாத தெருவே கிடையாது. சீட்டு நடத்துகிறவர் சட்டப்படிப் பதிவு செய்தவரா என்று பாருங்கள், சீட்டுச் சட்டம் 1982-இன்படி பதிவில்லாமல் நடத்துவது குற்றம், மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் கேட்டாலே சொல்லிவிடுவார்கள். வெள்ளிக்காசு, பட்டாசு, ஸ்வீட் பாக்ஸ் என்று நோட்டீஸில் எவ்வளவு பரிசு அடித்திருக்கிறார்களோ அவ்வளவு பயப்படுங்கள். மாதம் எட்டு, பத்து சதவீதம் தருகிறோம் என்று சொன்னவர்களை நம்பி 2022 வாக்கில் காட்பாடி பக்கமும், சீட்டுக் கட்டிச் செய்யாறு பக்கமும் எத்தனை குடும்பம் தெருவுக்கு வந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை, உங்கள் சொந்தத்திலேயே ஒருவர் இருப்பார். தபால் ஆபீஸ் ஆர்.டி. மாதம் நூறு ரூபாயிலிருந்து போடலாம். பரிசு கிடையாது, பணம் இருக்கும்.

அடுத்தது கரன்ட் பில், இதில் பலர் கவனிக்காத ஒரு படி இருக்கிறது. 2024 ஜூலையில் வந்த கட்டணப்படி இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் ஓடினால் முதல் நூறு யூனிட் இலவசம் போக 1,805 ரூபாய். 510 யூனிட் ஓடினால் 2,124. பத்து யூனிட்டுக்கு 319 ரூபாய், ஏனென்றால் 500-ஐத் தாண்டிய நிமிஷமே 2 ரூபாய் 35 பைசாவாக இருந்த இரண்டாவது நூறு யூனிட்டும் 4 ரூபாய் 70 பைசாவுக்கு மாறிவிடுகிறது. வேலூர் வெயிலில் ஏப்ரல், மே பில் இந்தப் படியைத் தொட்டுக்கொண்டுதான் நிற்கும். 500-க்குப் பக்கத்தில் ஓடுகிற வீடாக இருந்தால் ரீடிங் எடுக்கும் தேதியைக் குறித்துவைத்து ஒரு வாரம் முன்னால் நீங்களே மீட்டரைப் பாருங்கள். பழைய 75 வாட் ஃபேன் தினம் பதினைந்து மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்துக்கு 67 யூனிட், புது பி.எல்.டி.சி. ஃபேன் 28 வாட் என்றால் 25 யூனிட். இந்த வீட்டுக்கு ஃபேன் மாற்றுவது லாபம். 200 யூனிட்டுக்குள் ஓட்டுகிறவர்களுக்கு மிச்சமாவது பில்லுக்கு நூறு ரூபாய்தான், கடன் வாங்கி ஃபேன் மாற்ற வேண்டாம். வாடகை வீட்டில் சப்-மீட்டர் வைத்து யூனிட்டுக்கு எட்டு, பத்து என்று வாங்குகிற வீட்டுக்காரராக இருந்தால் இந்தக் கணக்கெல்லாம் மாறிவிடும், அங்கே ஒவ்வொரு யூனிட்டும் காசு. வீடு பார்க்கும்போதே அட்வான்ஸுக்கு முன்னால் இதைக் கேட்டுவிடுங்கள்.

மருந்துச் செலவு மாதாமாதம் வருவது. சர்க்கரை, பி.பி. மாத்திரை சாப்பிடுகிறவர்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் பதிந்தால் இலவசம், நடக்க முடியாதவர்களுக்கு மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே தருகிறார்கள். "கவர்மென்ட் மாத்திரை கேக்காது சார்" என்பதை எத்தனையோ தடவை கேட்டுவிட்டேன். மருந்தின் பெயர் ஒன்றாக இருந்தால் வேலையும் ஒன்றுதான், சந்தேகமிருந்தால் டாக்டரிடம் அட்டையைக் காட்டிக் கேளுங்கள், பக்கத்து வீட்டில் கேட்காதீர்கள்.

பெண்களுக்கு சாதாரண டவுன் பஸ்ஸில் 2021-லிருந்து டிக்கெட்டுக்குக் காசு இல்லை. பஸ்ஸுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லாமல் ஷேர் ஆட்டோவில் போக இருபது, வர இருபது என்று மாதம் இருபத்தைந்து நாள் போனால் ஆயிரம் ரூபாய், உரிமைத்தொகை வந்த வழியே போய்விடும். ஷிப்டுக்கு நேரமாகிவிட்டால் ஏறித்தான் ஆக வேண்டும், அதைக் குறை சொல்லவில்லை. திரும்பி வரும்போதாவது பஸ்ஸில் வரலாம்.

இப்போது மளிகைக்கு வருகிறேன். ரேஷனில் துவரம்பருப்பு கிலோ 30, பாமாயில் 25, சர்க்கரை 25. அரிசியை மட்டும் வாங்கிக்கொண்டு, பருப்பு ஸ்டாக் வரும் நாளைத் தெரிந்துகொள்ளாமல் கடையில் நூறுக்கு மேல் கொடுக்கிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். கடையில் பெரிய பாக்கெட்தான் மலிவு என்று கண்ணை மூடிக்கொண்டு எடுக்காதீர்கள், கிராமுக்கு இவ்வளவு, மில்லிக்கு இவ்வளவு என்று உறையிலேயே சின்ன எழுத்தில் போட்டிருக்கும். ஷாம்பு பாட்டிலைவிடப் பல நேரம் ஒரு ரூபாய் பாக்கெட்தான் மலிவாக இருக்கும். காய்க்கு டோல்கேட் உழவர் சந்தை விலைப் பலகையைப் பார்த்துவிட்டுப் பேரம் பேசுங்கள். தெருவில் கடன் நோட்டு வைத்துக் கொடுக்கிற கடையில் மட்டும் எவ்வளவு சிக்கனம் பார்த்தாலும் நிற்காது, விலை கேட்கிற தைரியம் பாக்கி வைத்தவருக்கு வருவதில்லை. பாக்கியை முடித்த மாதத்திலிருந்துதான் அங்கே குறையத் தொடங்கும்.

கேழ்வரகுக் களி, கீரைக் கடைசல், வாரம் நாலு முட்டை, பிள்ளைக்குப் பால், இதில் கை வைக்காதீர்கள். நிறுத்தியிருந்தால் திரும்ப வாங்குங்கள். பால் நிறுத்தி மிச்சம் பிடித்தது மாதம் நானூறு, ஐந்நூறு. தண்டலுக்குப் போகும் வட்டியும் மாதத்துக்குக் கிட்டத்தட்ட அவ்வளவுதான், நடுவில் அட்டை மாற்றினால் அதற்கு மேல்.

கணவரின் குவார்ட்டரும் ஹான்ஸ் புகையிலையும் கணக்கில் வருமா என்று கேட்டால், வரும். கணக்கு எழுதும் நாளில் அவரும் பக்கத்தில் உட்கார வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதற்காகத்தான். நான் அவருக்கு அறிவுரை சொல்வதில்லை, தினம் நூற்றைம்பது என்றால் மாதம் 4,500 என்று அவர் கையாலேயே எழுதச் சொல்வேன். சிலர் எழுதிவிட்டுப் பேசாமல் இருப்பார்கள், சிலர் எழுந்து போய்விடுவார்கள். போனவர்கள் வீட்டில் அந்த அம்மாவின் சம்பளம் அந்த அம்மா பெயரிலேயே உள்ள தனிக் கணக்கில் விழும்படி செய்துவிடுவது நல்லது, கம்பெனியில் கேட்டால் மாற்றித் தருவார்கள்.

சிக்கனம் என்று இன்ஷூரன்ஸை நிறுத்துகிறவர்களும் உண்டு. மத்திய அரசின் காப்பீட்டுத் திட்டங்களில் வங்கிக் கணக்கு வழியே வருஷம் 436 ரூபாய்க்கு உயிர்க்காப்பீடு இரண்டு லட்சம், 20 ரூபாய்க்கு விபத்துக் காப்பீடு இரண்டு லட்சம். முதலாவதில் சேர வயது 18-லிருந்து 50-க்குள் இருக்க வேண்டும். மே மாதக் கடைசியில் கணக்கிலிருந்து தானாகப் பிடிப்பார்கள், திருவிழாச் செலவுக்கு அந்த வாரம்தான் கணக்கைத் துடைத்து வைத்திருப்பீர்கள், பணமில்லாமல் பாலிசி விட்டுப்போகும். சம்பாதிக்கிற இரண்டு பேர் கணக்கிலும் அந்த 456 ரூபாயைத் தொடாமல் விட்டுவையுங்கள், பிடித்ததாக மெசேஜ் வந்ததா என்று ஜூன் முதல் வாரம் பாருங்கள்.