மண்ணெண்ணெய் மெசினா, சோலர் மோட்டரா?

யாழ்ப்பாணத்தில் தண்ணீர் இறைக்கும் மெசின் திருத்துவது என் தொழில். வெங்காயக் காலம் வந்தால், "அண்ணை, கரண்ட் மோட்டருக்கோ சோலருக்கோ மாறினால் லாபமோ?" என்று கேட்காதவர்கள் குறைவு. 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஒரேயடியாக ஏறிய பிறகு இந்தக் கேள்வி இன்னும் கூடிவிட்டது.

லீற்றர் விலையையும் கரண்ட் யூனிற் விலையையும் நேருக்கு நேர் வைத்தால் கணக்குப் பிழைக்கும். நடக்கிற வேலையைப் பாருங்கள். ஒரு லீற்றர் மண்ணெண்ணெயில் ஏறத்தாழ 10 யூனிற் சக்தி இருக்கிறது. சின்ன மெசினில் அதில் ஐந்திலொரு பங்குதான் பம்பைச் சுற்றும். மீதி சூடாகவும் புகையாகவும் போய்விடும். நல்ல மின்மோட்டரோ வாங்கும் கரண்டில் முக்கால் பங்கைச் சுற்றாகத் தரும். ஆகவே ஒரு லீற்றர் செய்யும் வேலைக்குச் சுமார் மூன்று யூனிற் போதும். உங்கள் கரண்ட் பில்லில் உள்ள யூனிற் விலையை மூன்றால் பெருக்கி, லீற்றர் விலையோடு வைத்துப் பாருங்கள்.

மண்ணெண்ணெய் மெசினைப் பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி, அது சூடாகுமுன்பே மண்ணெண்ணெய்க்குத் திருப்பிவிடுகிறார்கள். அப்படி ஓடிய மெசினில் ஒயில் குச்சியை இழுத்தால் மண்ணெண்ணெய் மணக்கும். எரியாத எண்ணெய் இறங்கி ஒயிலைத் தண்ணீராக்கிவிட்டது; இனி ரிங், பேரிங் எல்லாம் தேயும். அந்தச் செலவையும் கணக்கில் சேருங்கள்.

தேங்காய் எண்ணெயை டீசல் மெசினில் ஊற்றலாமா என்றும் கேட்கிறார்கள். அப்படியே ஊற்ற வேண்டாம். தடிப்பான எண்ணெய், இன்ஜெக்டரை அடைக்கும். முறையாக மாற்றிய பயோடீசல் வேறு விஷயம்.

சோலருக்கு முதல் காசு கூட. மப்பு நாளில் இறைப்பும் குறையும், தொட்டி கட்டினால் சமாளிக்கலாம். ஆனால் கிணற்றடியில் எண்ணெய் சிந்தாது. நம் சுண்ணாம்புக்கல் நிலத்தில் சிந்தியது நேரே தண்ணீருக்குப் போகும். டீசல் மின்நிலையத்தால் சுன்னாகக் கிணறுகளில் எண்ணெய் கலந்து, 2019இல் உயர் நீதிமன்றம் நட்டஈடு கொடுக்கச் சொல்லும் வரை போனதை நாம் பார்த்தோம்.

எனக்குள்ள பயம் வேறு. எண்ணெய்ச் செலவுதான் இதுவரை இறைப்பை அடக்கி வைத்தது. வெயில் காசு கேட்காது. பகல் முழுக்க ஓட விடுவார்கள். நம் நல்ல தண்ணீர் உவர்நீருக்கு மேலே மிதக்கும் அடுக்கு. அளவு மிஞ்சினால் அடியிலுள்ள உவர் ஏறும், லேசில் இறங்காது. மோட்டர் வாங்குமுன் ஒரு மணித்தியாலம் இறைத்து, நீர் எத்தனை அடி இறங்குகிறது, எவ்வளவு நேரத்தில் ஊறுகிறது என்று முடிச்சுப் போட்ட கயிற்றால் அளந்து வாருங்கள். அதைப் பார்த்துத்தான் எத்தனை குதிரைவலு என்று சொல்வேன்.