ஒரு மாதத்தில் என்ன கற்றுவிட முடியும்?

அறுவை சிகிச்சையில் எடுத்த மார்பகத்தை முழுசாக ஃபார்மலின் (திசு கெடாமல் காக்கும் திரவம்) வாளியில் போட்டு மறுநாள் எங்கள் லேபுக்கு அனுப்புவார்கள். கத்தி வைத்துக் கீறினால் ஓரமெல்லாம் வெந்த கறிபோல வெளுத்திருக்கும்; கட்டி இருக்கிற நடுப்பகுதி மட்டும் சிவந்து கொழகொழவென்று கிடக்கும். ஃபார்மலின் அதுவரை இறங்கியிருக்காது. அப்படிக் கெட்ட திசுவில் ஏற்பி இருந்தாலும் இல்லாததுபோலத் தெரியலாம். அந்தத் திசுவில் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி (புற்றுநோய்ச் செல்லில் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் ஒட்டும் இடம்) இருக்கிறதா என்று பார்த்து, ‘நெகட்டிவ்’, அதாவது இல்லை, என்று கையெழுத்துப் போட்ட பேத்தாலஜிஸ்ட்களில், அதாவது திசுவைப் பரிசோதிக்கும் டாக்டர்களில், நானும் ஒருத்தி.

அந்த ஒரு சொல்லால் ஒரு பெண்ணுக்குத் தமாக்ஸிஃபென் இல்லாமல் போகலாம். விலை குறைந்த மாத்திரை. தினம் ஒன்றாக ஐந்து வருடமாவது சாப்பிட வேண்டும். ஏற்பி உள்ள புற்றுநோய் திரும்பி வருவதை நன்றாகக் குறைக்கும் மருந்து அது. இப்போதும் அந்த ரிப்போர்ட்களை நினைத்தால் மனசு அடித்துக்கொள்கிறது.

தவறைக் காட்டிக்கொடுத்தது ஒரு மாத வெளிநாட்டுப் பயிற்சி. ஜெனிவாவில் இருக்கும் யூஐசிசி, அதாவது சர்வதேசப் புற்றுநோய்க் கட்டுப்பாட்டு ஒன்றியம், தருகிற நிதியுதவியில் போனேன். 1933-ல் தொடங்கிய அமைப்பு. திசுவுக்குச் சாயமேற்றிப் பார்க்கும் புதிய முறைகளைக் கற்பதுதான் என் எண்ணம். ஆனால் முதல் வாரம் முழுக்க என்னை அறுவைத் திசு மேஜையிலேயே நிறுத்தினார்கள். மார்பகம் வந்ததும் டெக்னீஷியன் அதைத் துண்டு துண்டாகக் கீறி, இடையிடையே டிஷ்யூ பேப்பர் வைத்து, நிறைய ஃபார்மலினில் அமிழ்த்துவார். உடலிலிருந்து எடுத்த நேரம், ஃபார்மலினில் போட்ட நேரம் இரண்டும் லேபிளில் இருக்கும். இடைவெளி ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. பிறகு 6 முதல் 72 மணி நேரம் ஊற வேண்டும். திரும்பி வந்து நான் கேட்டது மெஷின் இல்லை. பரிசோதனைப் படிவத்தில் அந்த இரண்டு நேரங்களையும் எழுத இரண்டு கட்டங்கள், தியேட்டர் சிஸ்டர்களோடு பேச அரை மணி நேரம், அவ்வளவுதான்.

இந்த நிதியுதவிக்கு விண்ணப்பிக்கும் இளம் டாக்டர்கள் ‘புற்றுநோயியலில் நவீன முன்னேற்றங்கள்’ என்று தலைப்பு வைத்துக்கொண்டு வருகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். ஒரே ஒரு திறமையைச் சொல்லுங்கள். ஊரில் இருக்கிற கருவியில், இருக்கிற ஆட்களோடு மறுநாளே செய்யக்கூடியதாக அது இருக்கட்டும். பயிற்சி முடிந்ததும் சொந்த ஊருக்குத் திரும்பி அதைச் செயல்படுத்த வேண்டும் என்பதே இந்த உதவியின் நிபந்தனை. உங்கள் துறைத் தலைவர் தரும் கடிதத்திலும் அது தெளிவாக இருக்க வேண்டும்.

ஆராய்ச்சி செய்கிறவர்களுக்கு யூஐசிசியின் யமகிவா–யோஷிடா நினைவு நல்கை பொருந்தும். வெளிநாட்டு ஆய்வகத்தோடு சேர்ந்து செய்யும் கூட்டுப்பணிக்கானது. முயல் காதில் நிலக்கரித் தாரைத் தடவித் தடவிப் புற்றுநோயை உண்டாக்கிக் காட்டியதாக 1915-ல் அறிவித்த ஜப்பானிய ஆய்வாளர் யமகிவாவின் பெயர்தான் அதில் முதலில் வருவது.

வரவேற்கும் ஆய்வகத்தின் அழைப்புக் கடிதம் கைக்கு வரத்தான் அதிக நாள் ஆகும். அறிவிப்பு வரட்டும் என்று காத்திருக்காமல் இப்போதே அவர்களுக்கு எழுதிவிடுங்கள்.