ஈயைச் சிறைவைக்கும் கருடக்கொடி

"வேலியில் சங்குப்பூ விட்டிருக்கிறேன். பட்டாம்பூச்சி வருகிறது, தங்க மாட்டேன் என்கிறதே?" என்று உச்சிப்புளியிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

பூவுக்கு வருவது தேன் குடிக்க. முட்டையிட, தன் புழு தின்கிற இலை வேண்டும். அதற்குக் கருடக்கொடி வையுங்கள்; ஈசுவரமூலி என்றும் சொல்வார்கள். நம் மண்ணின் கொடிதான். பனைமட்டை வேலிக்கு உட்புறம், உப்புக்காற்று நேராக அடிக்காத இடமாகப் பார்த்து ஐப்பசி மழையில் நட்டால் போதும். சிவப்புடல் அழகி என்ற பட்டாம்பூச்சி தேடி வரும். கறுப்பு இறக்கை, அதில் வெள்ளைப் பட்டை, சிவப்புப் பொட்டுகள், ரத்தச் சிவப்பில் உடம்பு. ராமேஸ்வரத்திலிருந்து கடல் தாண்டி இலங்கைப் பக்கம் பறப்பதாகப் பதிவான பூச்சி இது.

எனக்கு அதைவிடப் பிடித்தது கொடியின் பூ. அடியில் உருண்டைப் பை, மேலே ஒடுங்கிய குழாய், வாயில் கருஞ்சிவப்பு நாக்கு. வாசனையை நம்பிச் சின்னஞ்சிறு ஈ உள்ளே நுழைகிறது. குழாய்க்குள் இருக்கும் மயிர்கள் எல்லாம் உள்நோக்கிச் சாய்ந்தவை. கீழக்கரைப் பக்கம் கடலில் இறக்குகிற மீன்கூடு மாதிரி, போகலாம், திரும்ப முடியாது. அந்த நேரத்தில் பூ பெண்ணாக இருக்கிறது: மகரந்தத்தை ஏற்கும் சூலகமுடி மட்டும் தயார், மகரந்தப்பை இன்னும் திறக்கவில்லை. வேறு பூவிலிருந்து ஈ சுமந்துவந்த மகரந்தம் சூலகமுடியில் ஒட்டுகிறது. சூலகமுடியின் வேலை முடிந்த பிறகுதான் மகரந்தப்பை வெடித்து, அடைபட்ட ஈயின் முதுகில் புது மகரந்தம் பூசுகிறது. அப்புறம் மயிர்கள் வாடிச் சுருங்க, வழி திறக்கிறது. வெளியே வந்த ஈ அடுத்த பூவிலும் போய் மாட்டும்! தன் மகரந்தம் தனக்கே சேராமல் இருக்க, காலத்தையே பூட்டாக வைத்திருக்கிறது இந்தப் பூ.

இலையில் அரிஸ்டோலோகிக் அமிலம் என்ற நஞ்சு உண்டு. சிவப்புடல் அழகியின் புழு அதைத் தின்று உடம்பில் சேர்த்துவைக்கும். பட்டாம்பூச்சியான பிறகும் அது போகாது. அதனால் பறவைகள் சீண்டுவதில்லை. கறிவேப்பிலையில் வளரும் இன்னொரு இனத்தின் பெண்களில் சில, நஞ்சே இல்லாமல் இதே வேஷத்தைப் போட்டுத் தப்பித்துக்கொள்கின்றன.

இந்தக் கொடி இருந்தால் பாம்பு அண்டாது, கடித்தாலும் வேரை அரைத்துக் கொடுத்தால் போதும் என்ற பேச்சைக் கேட்டால் எனக்குக் கோபம் வரும். அதே அமிலம் மனிதச் சிறுநீரகத்தைக் கெடுக்கும், புற்றுநோயும் உண்டாக்கும். கடித்தால் நேரே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். விஷமுறிவு ஊசிதான் மருந்து.

சரி, புழுக்கள் கொடியை மொட்டையடித்துவிட்டால்? மருந்து அடிக்காதீர்கள், வேப்பெண்ணெய்கூட வேண்டாம். வேரிலிருந்து மறுபடி துளிர்க்கும். அதுவரை புழுவுக்கு இலை வேண்டுமே, இரண்டு மூன்று கொடியாகவே வைத்துவிடுங்கள்.