வரைபடத்தில் பூங்கா, பட்டாவில் யார் பெயர்?

காரைக்குடியைச் சுற்றியுள்ள மனைப்பிரிவுகளில் வீடு கட்டிக் குடியேறியவர்கள் பலர் சொல்லும் புகார் ஒன்றுதான். மனை வாங்கும்போது காட்டிய வரைபடத்தில் பூங்கா என்று பச்சை நிறத்தில் ஒரு கட்டம் இருந்தது. இன்று அங்கே சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கிறது, அல்லது யாரோ கம்பிவேலி போட்டு மாடு கட்டியிருக்கிறார். ஊஞ்சலும் நடைபாதையும் கேட்டு மனு மேல் மனு கொடுப்பவர்கள், அந்த நிலம் யார் பெயரில் இருக்கிறது என்று பெரும்பாலும் பார்ப்பதில்லை. அதைப் பார்க்காமல் கொடுக்கும் மனு எந்த மேசையிலும் நிற்காது.

விதி எளிமையானது. 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட, அதாவது ஏறத்தாழ இரண்டரை ஏக்கரைத் தாண்டிய மனைப்பிரிவுக்கு அங்கீகாரம் பெற வேண்டுமானால், சாலைகள் போக எஞ்சிய பரப்பில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக ஒதுக்கி, உள்ளாட்சி அமைப்புக்குத் தானப் பத்திரம் எழுதிப் பதிவு செய்து கொடுக்க வேண்டும். 3,000 முதல் 10,000 சதுர மீட்டர் வரையுள்ள மனைப்பிரிவுகளில் நிலத்துக்குப் பதிலாக அதன் மதிப்பைப் பணமாகக் கட்டிவிடலாம். ஆகவே, சிறிய மனைப்பிரிவில் மனை வாங்கியவர்கள் விளம்பரத் தாளில் இருந்த பூங்காவை நம்பிச் சண்டைக்குப் போகுமுன், அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தில் அது இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது. அங்கீகாரம் இல்லாமல் விற்று, பின்னர் 2017-ஆம் ஆண்டு விதிகளின்படி வரன்முறை செய்த மனைகளில் பூங்காவுக்கென இடமே விடப்படாமல் இருக்கலாம்.

ஏமாற்றம் தொடங்குவது இதற்குப் பிறகுதான். தானப் பத்திரம் பதிவாகிவிடும். ஆனால் பட்டாவை உள்ளாட்சியின் பெயருக்கு மாற்றும் வேலையை யாரும் செய்திருக்க மாட்டார்கள். வருவாய்க் கணக்கில் மனை விற்றவரின் பெயரே நீடிக்கும். பத்துப் பதினைந்து ஆண்டுகள் கழித்து அவரோ அவருடைய வாரிசுகளோ அந்தப் பட்டாவைக் காட்டி அதே இடத்தை விற்க முற்படுவார்கள். நம் பக்கத்தில் இதற்கு இன்னும் வசதி உண்டு: மனை வாங்கியவர்களில் பாதிப் பேர் மலேசியாவிலோ சிங்கப்பூரிலோ சென்னையிலோ இருப்பதால், வேலி போடும் நாளில் கேள்வி கேட்க ஆளிருப்பதில்லை.

எனவே முதலில் இரண்டு தாள்களைக் கையில் எடுங்கள். ஒன்று வில்லங்கச் சான்றிதழ். பூங்காவுக்கு மனை எண் இருக்காது என்பதால் சர்வே எண்ணையும் உட்பிரிவு எண்ணையும் கொடுத்து, அங்கீகாரம் பெற்ற ஆண்டிலிருந்து தேட வேண்டும். மனை எண்ணைக் கொடுத்துத் தேடிவிட்டு, தானப் பத்திரமே இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். மற்றொன்று பட்டா, அ-பதிவேடு (சர்வே எண் வாரியாக நில விவரம் காட்டும் வருவாய்க் கணக்கு) விவரம். இதை வருவாய்த் துறையின் இணையதளத்தில் பார்க்கலாம். பத்திரம் உள்ளாட்சியின் பெயரிலும் பட்டா தனியார் பெயரிலும் இருந்தால், உங்கள் மனு பூங்கா கேட்டு அல்ல, பட்டா மாற்றம் கேட்டு இருக்க வேண்டும்.

2024-இல் காரைக்குடி மாநகராட்சியானபோது கோட்டையூர், கண்டனூர் பேரூராட்சிகளும் சங்கராபுரம் போன்ற ஊராட்சிகளும் அதனுடன் சேர்ந்தன. இப்பகுதிகளில் தானப் பத்திரம் பழைய ஊராட்சியின் பெயரில் இருக்கும். மாநகராட்சிக்குப் போனால் கோப்பு இன்னும் வரவில்லை என்பார்கள். ஊராட்சி ஒன்றிய அலுவலகத்துக்குப் போனால் எல்லாவற்றையும் ஒப்படைத்துவிட்டோம் என்பார்கள். வட்டாட்சியர் அலுவலகத்தில், உள்ளாட்சி விண்ணப்பித்தால்தான் மாற்ற முடியும் என்பார்கள். மூன்றும் உண்மையாகவே இருக்கலாம். அதற்காக மூன்று இடங்களுக்கும் நீங்கள் நடக்க வேண்டியதில்லை. சார்பதிவாளர் அலுவலகத்தில் தானப் பத்திரத்தின் சான்றிட்ட நகலை நீங்களே வாங்கி, அதை இணைத்து மாநகராட்சி ஆணையருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். கோப்பு வரவில்லை என்ற பதில் அதற்கு மேல் செல்லாது.

தகவல் உரிமைச் சட்ட மனுவில் "பூங்கா ஏன் அமைக்கவில்லை?" என்று எழுதாதீர்கள். காரணம் கேட்பது தகவல் கேட்பதாகாது என்று ஒரு வரியில் திருப்பிவிடுவார்கள். "இன்ன சர்வே எண்ணில் திறந்தவெளியாகப் பெறப்பட்ட நிலத்தின் தானப் பத்திர எண், தேதி, பட்டா மாற்றத்துக்கு விண்ணப்பித்த கடிதத்தின் நகல்" என்று ஆவணங்களைக் கேளுங்கள். கட்டணம் 10 ரூபாய். 30 நாட்களில் பதில் வராவிட்டால், அடுத்த 30 நாட்களுக்குள் முதல் மேல்முறையீடு செய்ய வேண்டும். பலர் இந்தக் கெடுவைத் தவறவிட்டுவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறார்கள். 'முதல்வரின் முகவரி' என்ற குறைதீர் துறைக்கும் சிவகங்கை ஆட்சியரகக் குறைதீர் நாளுக்கும் கொடுக்கும் மனுக்கள் பெரும்பாலும் அதே அலுவலகத்துக்கே திரும்பி வரும். "உரிய நடவடிக்கைக்கு அனுப்பப்பட்டது" என்று குறுஞ்செய்தி வந்தால் மனு முடிந்துவிட்டது என்று பொருள், வேலை முடிந்தது என்று அல்ல.

இன்னொரு சமாதானமும் வரும்: பூங்காவுக்குப் பதில் சமுதாயக் கூடம் கட்டித் தருகிறோம் என்பார்கள். காதுகுத்துக்கும் வளைகாப்புக்கும் தனியார் மண்டபம் எடுக்க முடியாதவர்களுக்குக் கூடம் தேவைதான். அதற்கு வேறு நிலம் பாருங்கள் என்று எழுத்தில் கொடுங்கள். பெங்களூரில் பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்தது செல்லாது என்று 1991-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அப்பகுதியில் குடியிருப்பவர்களுக்கே வழக்குத் தொடர உரிமை உண்டு என்பதையும் அத்தீர்ப்பு ஏற்றது.

ஏற்கெனவே இருக்கும் கூடத்தை வாடகைக்கு எடுப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வாடகை, உள்ளாட்சி மன்றத்தின் தீர்மானத்தின்படி நிர்ணயிக்கப்படுவது. குத்தகைதாரரோ காவலாளியோ வாயால் சொல்லும் தொகை அல்ல. சுத்தம் செய்ய, தண்ணீர் விட, மின்விளக்குக்கு என்று தனித்தனியாகக் கேட்டால் ஒவ்வொன்றுக்கும் ரசீது கேளுங்கள். முன்வைப்புத் தொகையின் அசல் ரசீதை, சரிபார்த்துத் தருகிறோம் என்று யார் கேட்டாலும் பணம் கைக்கு வரும்வரை விடாதீர்கள். நகலை மட்டும் கொடுங்கள். சாவியை வாங்கும்போதும் திருப்பிக் கொடுக்கும்போதும் குழாய், மின்விசிறி, கழிப்பறைக் கதவு ஆகியவற்றைக் கைப்பேசியில் படமெடுத்து வைத்துக்கொண்டால், முன்பே உடைந்திருந்த குழாய்க்கு உங்கள் பணத்தில் பிடித்தம் செய்ய முடியாது.