வினைச்சொல்லைப் பெயர்ச்சொல்லோடு சேர்த்தே கற்பியுங்கள்

தமிழ்வழியில் படித்துவிட்டு ஆங்கிலப் பேச்சுப் பயிற்சிக்கு வருகிறவர்களிடம் நான் அடிக்கடி கேட்கும் வாக்கியங்களில் ஒன்று 'ஐ புட் லீவ் யெஸ்டர்டே' என்பதாகும். எழுவாய் சரி, காலம் சரி, சொற்களின் வரிசையும் சரி. இலக்கணத்தை மட்டும் பார்த்துத் திருத்தும் ஆசிரியருக்கு இதில் குறை சொல்ல இடமே இருக்காது. ஆனாலும் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட எவரும் இப்படிச் சொல்வதில்லை. விடுப்புக்கு அங்கே துணையாக வரும் வினை 'டேக்'. 'புட் இன் ஃபார் லீவ்' என்று ஒன்று உண்டு என்றாலும், அதற்கு விடுப்புக்கு விண்ணப்பிப்பது என்று பொருளே தவிர, விடுப்பில் இருப்பது என்று பொருள் இல்லை. நாம் லீவு போடுகிறோம். அந்தப் 'போடு' அப்படியே கடல் கடந்து போய்விடுகிறது.

இந்த வகைத் தவறு இலக்கணத்தில் பிறப்பதில்லை என்பதால், இன்னும் நான்கு பாடம் இலக்கணம் நடத்தினாலும் இது தீராது. எந்தப் பெயர்ச்சொல்லுக்கு எந்த வினை இணையும் என்ற அறிவு தனியே ஊட்டப்பட வேண்டிய ஒன்று. நம் பள்ளிகளில் அதற்கென்று யாரும் நேரம் ஒதுக்குவதில்லை என்பதே என் வருத்தம்.

இந்தச் சொல்லிணைவை ஆங்கிலத்தில் 'கொலொகேஷன்' என்பார்கள். ஜப்பானில் ஆங்கிலக் கல்வியைச் சீரமைக்கப் பணியாற்றிய ஹெரால்ட் பாமர், 1933இல் இத்தகைய தொடர்களைத் திரட்டி ஓர் அறிக்கையாக வெளியிட்டார். மொழியியலில் இக்கருத்தை நிலைநிறுத்தியவர் ஜே. ஆர். ஃபர்த், ஒரு சொல்லை அது கூடி வரும் சொற்களைக் கொண்டே அறியலாம் என்று அவர் 1957இல் எழுதினார். இதே ஃபர்த் 1934இல் தமிழின் ஒலிப்பைப் பற்றியும் ஒரு சிறு விளக்கம் எழுதியிருக்கிறார் என்பது தமிழாசிரியர்கள் பலரும் அறியாத செய்தி.

நமக்கு இந்தக் கருத்து புதிதன்று. 'எப்பொருள் எச்சொலின் எவ்வாறு உயர்ந்தோர் செப்பினர் அப்படிச் செப்புதல் மரபே' என்று நன்னூல் சொல்வது இதைத்தான். வினைமரபு என்ற தலைப்பில் பள்ளியில் நாம் படித்ததும் இதுவே: கூடை முடைந்தார், பானை வனைந்தார், அம்பு எய்தார், மாலை தொடுத்தார், தயிர் கடைந்தார். 'பானை முடைந்தார்' என்று எழுதினால் ஏன் தவறு என்று ஒரு குழந்தை கேட்டால், அப்படிச் சொல்வது வழக்கமில்லை என்பதைத் தவிர நம்மிடம் வேறு விடை இல்லை. ஆங்கில வகுப்பில் மாணவர் 'மேக் எ மிஸ்டேக்' என்பதற்குப் பதிலாக 'டூ எ மிஸ்டேக்' என்று சொல்லிவிட்டு, 'தவறு செய்தேன் என்பதற்கு டூ தானே வர வேண்டும்?' என்று கேட்கும்போதும் அதே விடையைத் தயக்கமின்றிச் சொல்லலாம். வினைமரபை ஐந்து நிமிடம் நினைவூட்டிவிட்டு ஆங்கிலத்துக்குப் போனால், மாணவர்கள் இதை அந்நிய மொழியின் கிறுக்குத்தனமாகப் பார்க்காமல், எல்லா மொழிக்கும் உள்ள இயல்பாகப் புரிந்துகொள்கிறார்கள்.

ஆசிரியர்கள் பலர் இதற்கு மாறாக ஒரு சூத்திரத்தைக் கொடுத்து விடுகிறார்கள்: புதிதாக ஒன்றை உருவாக்கினால் 'மேக்', ஒரு வேலையைச் செய்தால் 'டூ'. கேக்குக்கும் வீட்டுப்பாடத்துக்கும் இது பொருந்தும். அதற்குப் பிறகு வரும் 'மேக் எ போன் கால்', 'மேக் அன் எஃபர்ட்', 'மேக் தி பெட்', 'டூ டேமேஜ்', 'டூ எ ஃபேவர்' ஆகியவற்றை இந்தச் சூத்திரத்தில் அடக்க முயன்றால், மாணவருக்குக் குழப்பம்தான் மிஞ்சும். 'மேக்', 'டூ', 'டேக்', 'ஹேவ்', 'கிவ்' போன்ற எளிய வினைகள் இத்தகைய தொடர்களில் தம் சொந்தப் பொருளைப் பெரும்பாலும் இழந்துவிடுகின்றன. பொருளைச் சுமப்பது பெயர்ச்சொல்லே. நாம் கொட்டாவி விடுகிறோம், சவால் விடுகிறோம், குறட்டையும் விடுகிறோம். இந்த மூன்றிலும் 'விடு' என்பதற்குப் பொதுவான பொருள் தேடி யாரும் களைத்துப் போவதில்லை.

தமிழ் மாணவர்களின் தவறுகள் பெரும்பாலும் 'போடு', 'வை', 'எடு', 'சாப்பிடு', 'செய்' என்ற சில வினைகளிலிருந்தே கிளைக்கின்றன. சத்தம் போட்டான் என்பது 'புட் சவுண்ட்' ஆகிறது. வர வேண்டியது 'மேக் எ நாய்ஸ்'. வாத்தியார் டெஸ்ட் வைத்தார் என்பது 'கெப்ட் எ டெஸ்ட்' ஆகிறது. வர வேண்டியது 'கேவ் அஸ் எ டெஸ்ட்'. ஜெர்மன் மாணவர்களின் ஆங்கிலக் கட்டுரைகளை ஆராய்ந்து நாட்யா நெசெல்ஹாஃப் 2003இல் வெளியிட்ட ஆய்விலும், இத்தகைய தொடர்களில் வினைச்சொல்லே அதிகம் பிழைபடுகிறது என்றும், அதில் தாய்மொழியின் பங்கு பெரியது என்றும் தெரியவந்தது. எனவே மாணவரின் தாய்மொழி அறிந்த ஆசிரியரால் தவறு எங்கே வரும் என்று முன்கூட்டியே சொல்ல முடியும். அதே ஆசிரியர், இரு மொழியும் ஒத்துப்போகும் இடங்களையும் காட்ட வேண்டும். சளி பிடித்தது என்பதற்கு 'காட் எ கோல்ட்', கவனம் செலுத்து என்பதற்கு 'பே அட்டென்ஷன்', அஞ்சலி செலுத்து என்பதற்கு 'பே ட்ரிப்யூட்'. பணத்தையும் கவனத்தையும் இரு மொழியும் ஒரே வினையால் 'செலுத்துகின்றன' என்பதைக் காணும்போது மாணவர் முகத்தில் தெரியும் தெளிவு, எத்தனை பயிற்சித் தாள் கொடுத்தாலும் வராது.

வெளிநாட்டு வேலைக்குத் தயாராகும் செவிலியர்களுக்குப் பயிற்சி கொடுக்கையில் இது எவ்வளவு முக்கியம் என்பது நன்றாகத் தெரியும். 'ஊசி போட்டேன்' என்பது 'புட் இன்ஜெக்‌ஷன்' என்று வருகிறது. அங்கே 'கிவ்' வர வேண்டும். 'மாத்திரை சாப்பிட்டீர்களா?' என்பதை 'ஈட்' கொண்டு கேட்கிறார்கள். 'டேக்' வர வேண்டும். இவை கேட்பவருக்கு விசித்திரமாக இருந்தாலும் புரிந்துவிடும். ஆனால் ஸ்கேன் விஷயம் அப்படியல்ல. தமிழில் நோயாளியும் ஸ்கேன் எடுத்தார் என்கிறோம், எடுத்துக்கொடுத்த ஊழியரும் ஸ்கேன் எடுத்தார் என்கிறோம். யார் செய்தார், யாருக்குச் செய்யப்பட்டது என்பதைச் சூழ்நிலை சொல்லிவிடுகிறது. ஆங்கிலத்தில் நோயாளிக்கு 'ஹேட் எ ஸ்கேன்', செய்தவருக்கு 'டிட் எ ஸ்கேன்' என்று வினையே அந்த வேறுபாட்டைச் சுமக்கிறது. பணி மாறும் நேரத்தில் நோயாளியின் நிலையை அடுத்த செவிலியரிடம் ஒப்படைக்கும்போது, இந்த வேறுபாடு கலங்கினால் ஒரு கேள்விக்கு இரண்டு கேள்வி கேட்க வேண்டியிருக்கும். 'ரத்தம் எடுத்தேன்' என்பதற்கு மட்டும் 'டுக் பிளட்' என்று நேராகவே பொருந்துவதால், 'எடு' என்றால் எப்போதும் 'டேக்' என்ற நம்பிக்கை அவர்களிடம் வலுத்துவிடுகிறது. இதை நான் வகுப்பில் வெளிப்படையாகவே எச்சரிக்கிறேன்.

கற்பிக்கும் முறையைப் பொறுத்தவரை, என் முதல் வேண்டுகோள் பெயர்ச்சொல்லிலிருந்து தொடங்குங்கள் என்பதாகும். பேசுகிறவர் மனத்தில் முதலில் எழுவது 'அப்பாயின்ட்மென்ட்' என்ற பெயர்தான். அதற்கு வினை எது என்றுதான் அவர் திணறுகிறார். ஆகவே குறிப்பேட்டில் 'மேக்' என்று தலைப்பிட்டு முப்பது சொற்களை எழுதச் சொல்வதைவிட, 'அப்பாயின்ட்மென்ட்' என்று எழுதி அதன் கீழ் 'மேக்', 'கீப்', 'மிஸ்', 'கேன்சல்' என நான்கு வினைகளை முழு வாக்கியங்களோடு எழுதச் செய்வது பயன் தரும். 'கீப்' என்பதை 'வை' என்று மட்டும் அறிந்தவர், 'கீப் அன் அப்பாயின்ட்மென்ட்' என்றால் சொன்ன நேரத்துக்குப் போய்ச் சேர்வது என்பதை இப்படித்தான் கற்றுக்கொள்கிறார். நல்ல ஆங்கில–ஆங்கில அகராதிகள் பெயர்ச்சொல்லின் கீழேயே இந்த இணைவுகளைத் தடித்த எழுத்தில் காட்டுகின்றன. அவற்றைப் பார்க்கும் பழக்கத்தை வகுப்பிலேயே தொடங்கி வைக்க வேண்டும்.

'மேக்', 'டூ' இரண்டின் பட்டியலையும் ஒரே நாளில் எதிரெதிரே எழுதிக் கற்பிப்பதை நான் ஏற்பதில்லை. இரண்டும் ஒன்றோடொன்று கலந்து, முன்பு சரியாகச் சொன்னதையும் மாணவர் மறுநாள் தவறாகச் சொல்கிறார். வெளிநாட்டுப் படிப்புக்கும் வேலைக்கும் கேட்கப்படும் ஆங்கிலத் திறன் தேர்வான ஐஈஎல்டிஎஸ்ஸின் எழுத்துத் தேர்வில் மதிப்பெண்ணைத் தீர்மானிக்கும் நான்கு அளவுகோல்களில் ஒன்று சொல்வளம். அதில் 7ஆம் நிலைக்கான விளக்கத்தில் சொல்லிணைவு பற்றிய உணர்வு வெளிப்படையாகவே கேட்கப்படுகிறது. அரிய சொற்களை மனப்பாடம் செய்துகொண்டு, 'டூ எ டிசிஷன்' என்று எழுதுகிறவர்களுக்கு இதை எடுத்துச் சொல்ல வேண்டியது பயிற்றுநர்களின் கடமை.

எதைத் தவறு என்பது என்பதிலும் நிதானம் தேவை. 'டேக் எ டிசிஷன்' பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் வழங்குவதே. அமெரிக்கர்கள் 'மேக்' என்பார்கள். குளியலுக்கு அங்கே 'டேக்', இங்கிலாந்தில் 'ஹேவ்'. பரீட்சை எழுதினேன் என்பதன் நிழலாக நாம் சொல்லும் 'ரைட் அன் எக்ஸாம்' என்பதை வெறும் தமிழ்த் தாக்கம் என்று ஒதுக்கிவிட முடியாது. கனடாவிலும் அப்படியே சொல்கிறார்கள். டொராண்டோவுக்குப் படிக்கப் போகிறவரிடம் அதை மாற்றச் சொல்லத் தேவையில்லை. இங்கிலாந்துக்குப் போகிறவருக்கு மட்டும் 'டேக்', 'சிட்' இரண்டையும் சொல்லிக்கொடுத்து, 'பாஸ்' என்பது தேர்ச்சி பெற்றதை மட்டுமே குறிக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்லி அனுப்ப வேண்டும்.