உணராத துடிப்புக்கு ஆயுசு முழுக்க மாத்திரையா?

பேஸ்மேக்கர் வைத்த ஒருவர் ஏற்காட்டிலிருந்து சேலத்துக்குச் செக்கப்புக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். கருவியின் பதிவைப் பார்த்த டாக்டர், "போன மாசம் ஒரு நாள் ராத்திரி 20 நிமிஷம் துடிப்பு தாறுமாறா ஓடியிருக்குங்க" என்கிறார். அவருக்கு ஒன்றும் தெரியாது, நன்றாகத் தூங்கியிருக்கிறார். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை தொடங்குவதா, வேண்டாமா?

இதயத்தின் மேலறைகள் சுருங்கி விரியாமல் வெறுமனே நடுங்குவதுதான் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். அப்போது இடது மேலறையை ஒட்டிய சிறு பையில் ரத்தம் தேங்கி உறையலாம். அந்தக் கட்டி மூளைக்குப் போய் அடைத்தால் பக்கவாதம். ஈசிஜியிலேயே பிடிபடுகிற கோளாறென்றால், வயதானவர்களுக்கு மாத்திரை கொடுப்பதில் பெரிய விவாதமில்லை. சில நிமிடங்களில் வந்து போவதில்தான் சிக்கல்.

2023-இல் வெளியான ஆர்ட்டீசியா ஆய்வு, 6 நிமிடம் முதல் 24 மணி நேரம் வரை இப்படித் துடித்த சுமார் 4,000 பேரைப் பின்தொடர்ந்தது. ஆஸ்பிரின் சாப்பிட்டவர்களில் ஆண்டுக்கு 1,000 பேருக்கு சுமார் 12 பேருக்குப் பக்கவாதமோ வேறு உறுப்பில் அடைப்போ வந்தது. ரத்தம் உறைவதைத் தடுக்கும் அபிக்ஸபான் சாப்பிட்டவர்களில் 8. ஆனால் பெரிய ரத்தக்கசிவு 9-லிருந்து 17 ஆனது. தலையை எண்ணினால் நஷ்டக் கணக்குதான். ஆனால் கசிவுகளில் பெரும்பாலானவை சிகிச்சையில் சரியாகிவிட்டன. பக்கவாதத்தில் விழுந்த கை எல்லாருக்கும் திரும்புவதில்லை. இரண்டையும் ஒரே தராசில் வைப்பது சரியில்லை என்பது என் கருத்து. அதே ஆண்டு வந்த நோவா ஆய்வில், அதே வகை மாத்திரையான எடோக்ஸபானால் தெளிவான பலன் தெரியவில்லை, கசிவு மட்டும் கூடியது.

ஆகவே நிமிடக் கணக்கு மட்டும் போதாது, யாருக்கு வந்தது என்று பார்க்க வேண்டும். 75 வயது, சுகர், பிரஷர், இதயச் செயலிழப்பு, முன்பே வந்த பக்கவாதம் எல்லாவற்றுக்கும், பக்கவாத அபாயத்தைக் கணிக்கும் மதிப்பெண் உண்டு. 2023-இன் அமெரிக்க வழிகாட்டுதல்படி 5 நிமிடத்துக்குள் முடிந்தால் மாத்திரை வேண்டாம். 24 மணி நேரம் தாண்டி, மதிப்பெண் 2 இருந்தாலே கொடுக்கலாம். இடைப்பட்டதற்கு 3 இருந்தால் யோசிக்கலாம்.

மதிப்பெண்ணில் வராத விஷயங்களும் உண்டு. சரிவான தோட்டத்தில் அடிக்கடி தடுக்கி விழுபவரா? தலையில் அடிபட்டால் 20 கொண்டை ஊசி வளைவு இறங்கித்தான் சேலத்துக்கு வரவேண்டும். மூட்டுவலிக்கு மெடிக்கல் ஷாப்பில் தானாக டைக்ளோஃபெனாக் வாங்கிப் போடுபவரா? அதுவும் சேர்ந்தால் வயிற்றில் கசிவு வரும் வாய்ப்பு கூடும். இதையெல்லாம் டாக்டர் கேட்காவிட்டாலும் நாமே சொல்லிவிட வேண்டும்.

அப்புறம், வாதக் காய்ச்சலால் இதயத்தின் இடப்பக்க மைட்ரல் வால்வு நன்றாகச் சுருங்கியவர்களுக்கு இந்த மதிப்பெண்ணே பொருந்தாது. அவர்களுக்கு இந்தத் துடிப்பு வந்தால் பொதுவாக, ரத்தம் உறைவதைத் தடுக்கும் பழைய மாத்திரையான வார்ஃபரின்தான், கூடவே ரத்தம் உறையும் நேரத்தைப் பார்க்கும் ஐஎன்ஆர் பரிசோதனையும்.